பட்டியலை விடு, வலிக்குச் சொல் சேர்

ஆத்தூரிலிருந்து எழுதிய தங்கைக்கு,

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் பேச்சு, கேட்டல், வாசிப்பு மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ் வாங்கிவிட்டாய். இரண்டு மாதத்தில் இங்கிலாந்தில் லீட்ஸில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேரப்போகிறாய். "அட்வான்ஸ்டு வொக்காபுலரி இல்லையென்றால் அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள்" என்று சீனியர் யாரோ சொல்ல, 3000 சொல் உள்ள புத்தகம் வாங்கி நாளைக்கு முப்பது வீதம் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாய். இது போதுமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே குளிருக்குக் கோட், ரூம், சம்பளத்தில் மிச்சம் பற்றியும் கேள்வி.

கோட் அங்கே போய் வாங்கு. முதல் சில மாதம் யாரோடாவது சேர்ந்து தங்கு. மிச்சம் பிடிப்பது உன் கையில்தான் இருக்கிறது. குக்கர் எடுத்துப் போ. இதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

லீட்ஸில் நர்ஸாக இருக்கும் நான் இப்போது லீவில் சேலம் அம்மாபேட்டை வந்திருக்கிறேன். நேற்று ஐந்து ரோட்டுப் பக்கம் போனபோது, நான் படித்த காலத்தில் பார்த்த அதே மாதிரி ஒரு ஆங்கிலக் கோச்சிங் போர்டு, அதே மாதிரி சொற்பட்டியல் ஜெராக்ஸ் கட்டு. பார்த்ததும் கோபம் வந்தது. அந்தப் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் ஜிஆர்இ தேர்வில் ஒருகாலத்தில் எதிர்ச்சொல் கேள்வியும் ஒப்புமைக் கேள்வியும் இருந்தன. அதற்காகத் தொகுத்த சொற்கள்தான் இவற்றில் பல. 2011-ல் அந்தத் தேர்வே அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டது. நம் ஊரில் மட்டும் அட்டையை மாற்றி நர்ஸ் பிள்ளைகளுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். கடன் வாங்கிப் ஃபீஸ் கட்டுகிற பிள்ளைகளிடம் இப்படிச் செய்வது அநியாயம்.

பால் நேஷன் என்று நியூசிலாந்து மொழியியலாளர் ஒருவர். ஆங்கிலப் பேச்சில் 98 சதவீதம் புரிய 6000 முதல் 7000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) போதும், நாவலும் நாளிதழும் படிக்க 8000 முதல் 9000 வேண்டும் என்று 2006-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓஇடி தாண்டிய உனக்கு அதில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும். விட்டுப்போனது எது என்பதுதான் கேள்வி. உன் புத்தகத்தில் இருக்கும் அபூர்வச் சொற்கள் அந்த இடைவெளியில் இல்லை, அதற்கு வெகுதூரம் வெளியே இருக்கின்றன.

நீ வேலை செய்யப்போகும் என்ஹெச்எஸ், அதாவது அந்நாட்டு அரசு மருத்துவ சேவை, தன் இணையப் பக்கங்களை எப்படி எழுதச் சொல்கிறது தெரியுமா? ஒன்பதிலிருந்து பதினோரு வயதுப் பிள்ளை படித்தால் புரிய வேண்டும். சிறுநீருக்கும் மலத்துக்கும்கூட வீட்டில் குழந்தைகள் சொல்லும் சொல்லையே போடச் சொல்கிறது. டாக்டர்கள் புறநோயாளிக்கான கடிதத்தை நோயாளியின் பேருக்கே, அவருக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அந்நாட்டு ராயல் காலேஜ்கள் எனப்படும் டாக்டர் அமைப்புகளின் கூட்டமைப்பு 2018-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. டாக்டர்களே எளிமைக்கு இறங்கி வந்துகொண்டிருக்கும் இடத்துக்கு நீ கஷ்டமான சொல்லைச் சுமந்துகொண்டு போகிறாய், கண்ணு.

நான் போய் இறங்கியது ஜனவரி மாதம். நாலு மணிக்கே இருட்டிவிடும். முதல் வாரத்தில் வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "ஐ'வ் கம் ஓவர் ஆல் ஃபன்னி, லவ்" என்றார். லெதார்ஜிக், சாம்னொலன்ட் எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். இது எந்தப் பட்டியலிலும் இல்லை. பக்கத்தில் நின்ற, நர்ஸுகளுக்கு உதவியாக இருக்கும் ஹெல்த்கேர் அசிஸ்டென்டிடம் அப்போதே கேட்டேன். திடீரென்று கிறுகிறுத்து வருகிறதாம், என்னவோ போல இருக்கிறதாம். பிரஷர் பார்த்தால் நன்றாக இறங்கியிருந்தது. அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் வார்டில் வேலை செய்யும் இன்னொருத்தி, என் காதில் விழும்படியே, "இவர்களை அனுப்புவதற்கு முன்னால் யாரும் ஆங்கிலம் சொல்லித்தருவதில்லையா?" என்று கேட்டாள். அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்கு உறைக்கிறது. அந்த அசிஸ்டென்ட் அம்மாதான் எனக்கு ஆங்கில வாத்தியார். அவருக்குப் பட்டம் கிடையாது, ஆனால் அந்த ஊர்ப் பேச்சு முழுக்க அவர் நாக்கில் இருந்தது.

அங்கே உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் வலிக்கான சொற்கள். நம் வீட்டில் அம்மா வலியை எத்தனை விதமாகச் சொல்வார் என்று யோசித்துப் பார். விண்விண்ணென்று தெறிக்குது, சுருக்கென்று குத்துது, கையெல்லாம் குடையுது, மரத்துப்போச்சு, ஊசி குத்துற மாதிரி இருக்கு, நெஞ்சு கரிக்குது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வலி. அதே மாதிரி அவர்களுக்கும் உண்டு. விண்விண்ணென்றால் த்ராபிங். சுருக்கென்றால் ஸ்டாபிங். குடைச்சலுக்குக் கிட்டத்தட்ட டல் ஏக். மரத்தால் நம்ப், ஊசி குத்தினால் பின்ஸ் அண்ட் நீடில்ஸ், கரித்தால் ஹார்ட்பர்ன். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இருக்கிறது என்பதற்கு ஹெவி, பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி என்பதற்கு டைட் என்பார்கள். அந்த இரண்டைக் கேட்டால் காலைக் கீழே வைக்காமல் ஓடு. உன் தமிழிலிருந்து தொடங்கி இப்படி ஒரு நாற்பது சொல் சேர்த்தாலே, அந்த 3000-ஐவிட உனக்கு அதிகம் உதவும்.

அடுத்தது, வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற விஷயங்கள். "ட்ரபிள் வித் மை வாட்டர்வொர்க்ஸ்" என்றால் சிறுநீர்ப் பிரச்சினை. "டவுன் பிலோ" என்றால் இடுப்புக்குக் கீழே, இன்ன இடம் என்று நீதான் பக்குவமாகக் கேட்க வேண்டும். லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷரில் வயதானவர்கள் "ஸ்டார்வ்ட்" என்றால் பசி இல்லை, குளிர் தாங்கவில்லை என்று அர்த்தம், போர்வை கொண்டுபோ. "பூர்லி" என்றால் உடம்பு சரியில்லை. "ஹி'ஸ் காட் எ டெம்பரேச்சர்" என்றால் காய்ச்சல். நம் கொங்குப் பக்கம் முன்பின் தெரியாதவரையும் கண்ணு என்கிற மாதிரி அங்கே எல்லோரையும் "லவ்" என்பார்கள், பஸ் டிரைவர் உட்பட.

"நாட் டூ பேட்" என்பதில் ரொம்பக் கவனமாக இரு. ஒரு பெரியவர், முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர், எப்படி இருக்கிறீர்கள் என்றால் தினமும் இதையேதான் சொல்வார். ஒரு நாள் சொல்லும்போது கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டேன். "எய்ட்" என்றார். அந்த ஊர்க்காரர்கள் வலியைச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சொல்லை நம்பி நகர்ந்துவிடாதே, கையைப் பார்.

நாம் இங்கிருந்து கொண்டுபோகும் ஆங்கிலத்தில் சிலதை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். பேஷன்ட் எக்ஸ்பயர்டு என்று சொல்லாதே. அங்கே எக்ஸ்பயர் ஆவது மருந்துப் பாட்டில்தான், மனிதரைப் பற்றி டைடு என்று நேராகச் சொல்வார்கள், குடும்பத்தாரிடமும் அப்படித்தான் தெளிவாகச் சொல்லச் சொல்வார்கள். லூஸ் மோஷன் என்றால் விழிப்பார்கள். சிஸ்டர் என்பது வார்டில் பொறுப்பில் இருப்பவரின் பதவிப் பெயர், எல்லா நர்ஸையும் அப்படிக் கூப்பிட முடியாது. சர்ஜன்களை டாக்டர் என்று சொல்லாமல் மிஸ்டர் அல்லது மிஸ் என்பார்கள். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இதை நான் லீட்ஸில் புதிதாகக் கற்றதாக நினைக்காதே. நர்ஸிங் மூன்றாம் வருடம் சமூக நலப் பயிற்சிக்கு எங்களை ஏற்காடு அனுப்பினார்கள். அஸ்தம்பட்டி தாண்டி அடிவாரம் வரை ஒரே பாட்டு, அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு, பாதிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே காபித் தோட்டங்கள், சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, காலையில் பத்து மணிக்கும் கலையாத பனி. தோட்டத்தில் பழம் பறிக்கிற பாட்டி ஒருவர் வந்து, "மேலுக்கு முடியல கண்ணு, நெஞ்சுக்குள்ள என்னமோ படபடன்னு அடிச்சுக்குது" என்றார். என் கூடப் படித்தவள் புத்தகத்தில் இருந்தபடியே, "பால்பிடேஷன் எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டாள். பாட்டி தலையைக் குனிந்துகொண்டார். கிராம சுகாதார செவிலியர் அக்கா ஒருவர் நடுவில் வந்து, "படபடப்பு உக்காந்திருக்கும்போதும் வருதாம்மா, ஏறி நடந்தா மட்டுமா?" என்றார். பாட்டி மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாயங்காலம் அந்த அக்கா எங்களிடம், "அவங்க வாயில வந்த வார்த்தையையே திருப்பிப் போட்டுக் கேளுங்க" என்றார். அவர் ஏற்காட்டைத் தாண்டி எங்கும் வேலை பார்த்ததில்லை. அவர் சொன்னது யார்க்‌ஷரிலும் பலித்தது. நோயாளி "ஃபன்னி" என்றால் நீயும் "ஃபன்னி" என்றே கேள். குறிப்பிலும் அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுது, அதற்குக் கீழே உன் மருத்துவச் சொல்லைப் போடு.

சேர்க்கும் வழி: சட்டைப் பையில் சின்ன நோட்டு. தனிச்சொல்லாக எழுதாதே, கேட்ட வாக்கியம் முழுசையும் எழுது, யார் பேரும் போடாமல். எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வருகிறது என்பது வாக்கியத்தில்தான் தெரியும். மறுநாள் பஸ்ஸில் படி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை படி. மனப்பாடம் செய்தது முதல் நாளிலேயே பெரும்பாலும் மறந்துபோகும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே சோதித்துச் சொல்லியிருக்கிறார். முக்கியமாக, டீ ரூமில் நம் ஆட்களோடு மட்டும் உட்காராதே. நம்மவர்களும் கேரளச் சேச்சிகளும் ஆபத்துக்கு ஓடி வருவார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மூலையில் கூடிவிட்டால் பத்து வருடமானாலும் வார்டு ஆங்கிலம் நாலு வாக்கியத்தைத் தாண்டாது. எனக்குத் தெரிந்த சிலர் அப்படியே இருக்கிறார்கள், பதவி உயர்வு வரவில்லை என்று குறையும் படுகிறார்கள். இன்னும் சிலர் வந்த ஆறே மாதத்தில் வெள்ளைக்காரர் மாதிரி மூக்கால் பேசி, பிள்ளைகளிடம் தமிழையும் நிறுத்திவிடுகிறார்கள். நான் இன்றைக்கும் சேலத்து உச்சரிப்போடுதான் ஹேண்ட்ஓவர் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் சொல்வது) கொடுக்கிறேன், நிதானமாக, தெளிவாக. புதிதாக வரும் டாக்டர்கள் நோயாளி சொன்னது புரியாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

மாதக் கடைசி வரை அம்மாபேட்டையில்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. உன் அம்மா வலியைத் தமிழில் சொல்லட்டும், நீ அதை எனக்கு ஆங்கிலத்தில் ஹேண்ட்ஓவர் கொடு. புத்தகம் வேண்டாம், ஒரு சின்ன நோட்டு எடுத்து வா.