கையால் நிரப்பிய ரைபிள் தோட்டாவை நிமிர்த்தினால் குறி துல்லியமாகுமா?

ஓரளவு ஆகும், ஆனால் நிமிர்த்தும் கருவியை விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு அல்ல. தோட்டா உறையின் கழுத்தில், அதாவது குண்டைப் பிடித்திருக்கும் அதன் குறுகிய முனையில், குண்டு சாய்ந்து அமர்ந்திருந்தால், அது குழலின் வரிப்பள்ளங்களுக்குள் கோணலாக நுழைந்து, வெளியேறியதும் தள்ளாடும். தோட்டாவை உருட்டி, குண்டின் மேல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்தால் கோணல் தெரிந்துவிடும். அமெரிக்க பெஞ்ச்ரெஸ்ட் (ரைபிளை மேசைமேல் தாங்கவைத்துச் சுடும் துல்லியப் போட்டி) போட்டியாளர்கள் பலர் அதை 0.002 அங்குலத்துக்குள் வைக்கப் பார்ப்பார்கள். சாதாரண வேட்டை ரைபிளில், 100 கஜத் தொலைவில், இந்த நுணுக்கம் மற்றப் பிழைகளுக்குள் மறைந்துபோகும்.

நெம்பி நிமிர்த்துவதில் வேறொரு தொல்லையும் உண்டு: குண்டைப் பற்றியிருக்கும் கழுத்தின் பிடி தோட்டாவுக்குத் தோட்டா மாறிவிடலாம். கோணல் பெரும்பாலும் சுட்டபின் விரிந்த உறையை மறு அளவு செய்யும்போது (பழைய அளவுக்கு இறுக்கும்போது), கழுத்தை விரிக்கும் உருண்டை அதை இழுப்பதாலேயே பிறக்கிறது. கழுத்துச் சுவரின் தடிமன் சீராக இல்லாவிட்டாலும் வரும். முதலில் அங்கே கை வையுங்கள்.