தொழிலாளர் சட்டங்களை மாற்றுவதில் தொழிற்சங்கங்களுக்கு உண்மையிலேயே பங்கு உண்டா?

சட்டம் போடுவது நாடாளுமன்றமும் சட்டமன்றமும்தானே, சங்கங்கள் கொடி பிடித்ததைத் தவிர என்ன செய்தன என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தொழிற்சாலைச் சங்கத்தில் கொஞ்ச காலம் பொறுப்பில் இருந்தவன் நான். நிறையவே செய்திருக்கின்றன என்பதுதான் என் பதில். ஆனால் சட்டம் எழுதும் மேசையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது குறைவு.

சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது; பி.பி. வாடியா தலைவர். 1920இல் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் துணி ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு நடந்தபோது, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள் மேல் பின்னி நிர்வாகம் நஷ்டஈட்டு வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் தடை உத்தரவும் கொடுத்தது. வாடியா சங்கத்தோடு உறவை முறித்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பிறகுதான் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சுற்றில் சங்கத்துக்குத் தோல்விதான். ஆனால் சங்கம் நடத்தினாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்பது ஊரறிய அம்பலமானது. சங்கங்களைப் பதிவு செய்து பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பதிவு பெற்ற சங்கத்தை இந்த மாதிரி வழக்குகளிலிருந்து காத்தவை அதன் 17, 18ஆம் பிரிவுகள்.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்தார்கள். வயதுவந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருடம் 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் என்று போகும் அந்தக் கணக்கு. அது சட்டமே இல்லை, வெறும் பரிந்துரை. சங்கங்கள் விடாமல் ஊதியப் பேச்சுகளிலும் தீர்ப்பாயங்களிலும் அதையே காட்டிக்காட்டிப் பேசின. ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர் வழக்கில் 1991இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றதோடு, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக இன்னொரு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. என்னைக் கேட்டால், பல வேலைநிறுத்தங்களைவிடப் பெரிய சாதனை இது.

சட்டத்தைத் தடுத்த கதையும் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அப்போது ஆளுங்கட்சியாக இருந்த திமுகவின் சங்கமான தொமுச உட்பட எல்லாச் சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தில் வாபஸ் என்று முதல்வரே அறிவித்தார். கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்ததும் இதற்கு ஒரு காரணம். அதை மறைத்துச் சங்கத்தின் வீரமாக மட்டும் சொல்ல மாட்டேன்.

மத்திய அரசிடம் அந்த அழுத்தம் எடுபடவில்லை. 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2019லும் 2020லும் நிறைவேற்றினார்கள், 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கும் கொண்டுவந்தார்கள். மேலே சொன்ன முத்தரப்பு இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015க்குப் பிறகு கூட்டப்படாமலே இது நடந்தது. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசு அனுமதி கட்டாயம் என்ற வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது. பத்து மத்தியச் சங்கங்கள் மொத்தமாக எதிர்க்க, ஆர்எஸ்எஸ் சார்புள்ள பாரதிய மஸ்தூர் சங்கம் (பிஎம்எஸ்) மட்டும் ஊதியம், சமூகப் பாதுகாப்பு ஆகிய இரண்டு தொகுப்புகளை வரவேற்றது. இப்படிப் பிரிந்து நின்றால் அரசுக்கு வசதிதானே.

குறை சங்கங்கள் பக்கமும் இருக்கிறது. காண்ட்ராக்ட் தொழிலாளரை உறுப்பினராகச் சேர்க்க நிரந்தரத் தொழிலாளர்கள் தயங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம், வாயிற்கூட்டத்தில் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. வரைவு விதிகள் வெளியானால் அவற்றைப் படித்து, விதி விதியாக ஆட்சேபணை எழுதி அனுப்ப ஆள் தேட வேண்டியிருக்கிறது.