'ஹியர்' இல்லை, 'ஹியரிங்'

தம்பி, மன்னார்குடியிலிருந்து லண்டன் வந்து வீடு தேடுகிறீர்கள். ஏஜென்ட்டுக்கு எழுதும் மெயிலை 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடிப்பதா, 'ஹியரிங்' என்பதா, 'டு'வுக்குப் பின் வெறும் வினைதானே வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

'ஹியரிங்'தான் சரி. பள்ளியில் சொன்னதும் பொய்யில்லை. 'டு'வில் இரண்டு வகை. 'ஐ வான்ட் டு ஹியர்' என்பதில் அது வினையோடு ஒட்டியது. 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருப்பது நம் வேற்றுமை உருபு மாதிரி, பெயர்ச்சொல் கேட்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 'தண்ணீர் வர எதிர்பார்க்கிறோம்' என்று டெல்டாவில் யாராவது சொல்வார்களா? 'வருவதை' என்போம். அந்த 'வருவது'தான் இங்கே 'ஐஎன்ஜி'.

சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு 'தி மீட்டிங்' என்று வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்' நிற்கும். 'வான்ட் டு தி மீட்டிங்' நிற்காது. நிற்கிற இடத்தில் 'ஐஎன்ஜி' போடுங்கள். 'ஐ ஆம் யூஸ்டு டு குக்கிங்' என்றால் சமைத்துப் பழக்கம். 'ஐ யூஸ்டு டு குக்' என்றால் முன்பு சமைத்தேன், இப்போது இல்லை.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது வேறிடத்தில்: 'லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை'. மனசுக்குள் 'பதிலுக்காகக் காத்திருக்கிறேன்' ஓடுகிறது. அந்த 'க்காக'தான் 'ஃபார்' ஆகிவிடுகிறது. 'வெயிட்'டுக்கு 'ஃபார்' வேண்டும். 'லுக் ஃபார்வர்ட்'டுக்கு 'டு' மட்டுமே. 'அவெய்ட்'டுக்கு எதுவுமே வேண்டாம், 'ஐ அவெய்ட் யுவர் ரிப்ளை' போதும். 'ஃப்ரம்'மையும் விட்டுவிடாதீர்கள், விட்டால் அவர் குரலைக் கேட்க ஆசைப்படுவதாக ஆகிவிடும். 'ஃபார்வர்ட்' எழுத்துகளில் 'இ' கிடையாது. 'இ' சேர்த்து, முடிவில் 'வேர்ட்' என்று எழுதினால் அது புத்தக முன்னுரை.

'ஐ லுக்' கொஞ்சம் விறைப்பு, 'ஐ ஆம் லுக்கிங்' கொஞ்சம் நெருக்கம். ஏஜென்ட்டுக்கு இரண்டும் ஒத்துவரும். பாய்லர் ஓடவில்லை என்று புகார் எழுதும்போது மட்டும் இந்த வரி வேண்டாம், கெஞ்சுகிற மாதிரி இருக்கும். 'ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே' என்று நாளைச் சொல்லுங்கள்.

'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' நம் தாலுகா ஆபீஸ் மனுவுக்குச் சரி. லண்டனில் அது பழைய வாடை அடிக்கும், என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பதும் புரியாது. 'ப்ளீஸ் சென்ட் மி தி டெனன்ஸி அக்ரிமென்ட்' என்று வேண்டியதை நேராகக் கேளுங்கள்.