பூட்டும் முன்பே வார்னிஷ் அடிக்கலாமா?

கேள்வி: சட்டமும் நடுப்பலகையும் வைத்து அலமாரிக் கதவு செய்கிறேன். பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய பிறகு வார்னிஷ் அடித்தால் உள்மூலைகளில் தேங்கி வழிகிறது. பாகங்களாக இருக்கும்போதே அடித்துவிட்டால் பசை பிடிக்குமா?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்பே அடிக்க வேண்டாம். நடுப்பலகைக்கும் சட்டத்தின் உள்விளிம்புகளுக்கும் மட்டும் முதலில் அடியுங்கள். சட்டத்தின் முகப்பைப் பூட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூட்டில் எப்படியும் ஒரு மயிரிழை மேடு நிற்கும், அதை இழைத்துச் சமன் செய்யும்போது முன்பே அடித்த பூச்சு வீணாகிவிடும்.

நடுப்பலகைக்கு முன்பே அடிப்பது கட்டாயம். சட்டத்தின் காடிக்குள் (உள்விளிம்பில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள்) பசையில்லாமல் நிற்கும் பலகை, காற்றின் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும். பூட்டிய பின் அடித்திருந்தால், வறண்ட நாட்களில் அது சுருங்கும்போது பூச்சுப் படாத ஓரம் வெளிறிய கோடாகத் தெரியும். வார்னிஷ் காடிக்குள் இறங்கிப் பலகையைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டால் பலகையே வெடிக்கலாம். பலகையின் இரு முகங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு கொடுங்கள், ஓரங்களையும் விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்த பலகை வளையும்.

இனி பசை. வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறினால்தான் பிடிக்கும், வார்னிஷ் மேல் பிடிக்காது. ஆகவே முதலில் பசையில்லாமல் பூட்டிப் பாருங்கள். பிரித்து, 220 எண் உப்புத்தாள் வரை தேய்த்து முடியுங்கள். மூட்டு சேரும் விளிம்பை மட்டும் தேய்க்காதீர்கள்; அது மழுங்கினால் இடைவெளி விழும். பிறகு கழுந்திலும் (துளைக்குள் நுழையும் முனை) அதன் தோளிலும் (கழுந்தின் அடியில் உள்ள படி) மாஸ்கிங் டேப் ஒட்டி, கழுந்து நுழையும் துளைகளில் காகிதம் திணியுங்கள். கடைசிப் பூச்சு இறுகும் முன் டேப்பை உரித்துவிடுங்கள், இல்லையென்றால் பூச்சு கிழிந்து வரும். பூச்சுகளுக்கு இடையே 320 எண் தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே பசை தடவிப் பூட்டி, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போடாதீர்கள். மறைவான இடத்தில் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். கிளாம்ப்புக்கு அடியில் மெழுகுத்தாள் சுற்றிய மரத்துண்டு வையுங்கள். பிதுங்கும் பசையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அது ரப்பர் பதத்துக்கு வந்ததும் மரச்சீவலால் நெம்பினால், பூச்சின் மேலிருந்து அப்படியே பெயர்ந்து வந்துவிடும். முன்பே அடிப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் இது. பூச்சில்லாத மரத்தில் பசை பட்டிருந்தால் அந்த இடம் பிறகு வார்னிஷை உறிஞ்சாமல் திட்டாக நிற்கும்.

ஆளி எண்ணெய் கலந்த வார்னிஷ் என்றால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிடுங்கள்.