ஒரே ஒரு நரம்பணுவின் மின்துடிப்பைப் பிடிக்கும் கம்பிக்குக் கண்ணாடி உறை போடுவது எப்படி?

முதலில் கம்பியைக் கூர்மையாக்க வேண்டும். 1957-இல் நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஹியூபெல் டங்ஸ்டனைத் தேர்ந்தெடுத்தார். மிக மெல்லியதாக்கினாலும் எளிதில் வளையாத உலோகம் அது. நுனியைத் தவிர மற்ற இடங்களில் மின்காப்புக்காக அவர் மேலே பூசியது வார்னிஷ் போன்ற பூச்சு. கண்ணாடி உறை அதற்கடுத்த ஆண்டுகளில் வந்தது.

முடியைவிடச் சற்றுப் பருமனான, 0.125 மி.மீ. கம்பியை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முக்கி, சில வோல்ட் மாறுமின்னோட்டம் கொடுத்தால் உலோகம் கரையத் தொடங்கும். கம்பியை மேலும் கீழுமாக மெதுவாக நகர்த்தினால் நுனி ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே போகும். பொறுமை இங்கேதான் தேவை. அவசரப்பட்டால் நுனி மொட்டையாகிவிடும். கரைசல் கண்ணில் பட்டால் ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

அப்புறம் கம்பியை போரோசிலிகேட் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடியாலான நுண்குழாய்க்குள் நுழைத்து, சூடான சுருளின் நடுவே வைத்து இழுப்பார்கள். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி செல்சியசுக்கும் மேல் வேண்டும். கண்ணாடி அதற்கு வெகு முன்பே இளகிக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தில் இரண்டும் விரியும் அளவு ஓரளவு நெருக்கமானது, அதனால் ஆறும்போது விரிசல் விழுவது குறைவு.

நுனியில் 10, 20 மைக்ரோமீட்டர் மட்டும் கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டும். சரி, உறையில் ஓட்டை இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? உப்புநீரில் வைத்து, எதிர்மின் பக்கத்தில் இணைத்து, நுண்ணோக்கியில் பாருங்கள். குமிழி நுனியில் மட்டும் வந்தால் நல்லது. பக்கவாட்டில் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.