ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு பெரிய துகள் முடுக்கி இருக்கும்போது, ஜப்பானில் ஜே-பார்க் என்ற இன்னொரு முடுக்கி வளாகம் எதற்கு?

ஆற்றலை மட்டும் ஒப்பிட்டால் இந்தச் சந்தேகம் நியாயம்தான். செர்னின் எல்.எச்.சி. என்ற வட்ட முடுக்கி ஒரு புரோட்டானை 6.8 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை தள்ளுகிறது. டோக்காய் கிராமத்தில் இருக்கும் ஜே-பார்க்கில், நான் சில நாள் வேலை செய்த நியூட்ரான் கூடத்துக்கு வருவது வெறும் 300 கோடி. ஆனால் புரோட்டான்களின் தலையை எண்ணிப் பாருங்கள். அதன் வடிவமைப்பின்படி நொடிக்கு 25 துடிப்புகள். ஒவ்வொன்றிலும் சுமார் 83 லட்சம் கோடி புரோட்டான்கள். மொத்தம் ஒரு மெகாவாட். குளிக்க வெந்நீர் வைக்கும் ஆயிரம் வாட் ஹீட்டர்கள் ஆயிரத்தை ஒரே பாத்திரத்தில் இறக்கியதற்குச் சமம். எல்.எச்.சி.யில் ஏற்றிய புரோட்டான்கள் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். இங்கே வந்த வேகத்தில் மோதித் தீர்ந்துவிடும்.

எதில் மோதுகின்றன என்பதில்தான் சுவாரசியமே. பாதரசத்தில்! திட உலோகத்தை வைத்தால் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாடு. பாதரசமோ ஓடிக்கொண்டே சூட்டையும் சுமந்து போய்விடும். அதன் கனமான அணுக்கரு சிதறும்போது நியூட்ரான்களும் ஏராளமாகக் கிடைக்கும். தொல்லை வேறு இடத்தில். ஒவ்வொரு துடிப்பிலும் பாதரசம் திடீரெனச் சூடாகி விரிய, அழுத்த அலை கிளம்புகிறது. அதில் பிறக்கும் குமிழ்கள் சுவரோரம் வெடித்து, எஃகுக் கலத்தையே அம்மைத் தழும்புபோல் குழி குழியாக அரிக்கின்றன. அதற்கு மருந்தும் குமிழ்தான்: பாதரசத்தில் நுண்ணிய ஹீலியம் குமிழ்களைக் கலந்துவிட்டால் அவை அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றன. இந்த யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

முடுக்குவதைவிட, முடுக்கியதை வாங்கிக்கொள்வது கடினம். 2013 மே 23 அன்று அதே வளாகத்தின் இன்னொரு சோதனைக் கூடமான ஹாட்ரான் கூடத்தில், இரண்டு நொடி நிதானமாக வெளியேற வேண்டிய புரோட்டான் கற்றை சுமார் 5 மில்லி நொடியில் பாய்ந்துவிட்டது. தங்க இலக்கு சேதமாகி, கதிரியக்கம் கசிந்து, 34 பேர் பாதிப்புக்கு உள்ளானார்கள்.

நான் போனது லித்தியம் மின்கலப் பொருள் ஒன்றைச் சோதிக்க. லித்தியத்தில் எலக்ட்ரான்கள் மூன்றே மூன்று என்பதால் எக்ஸ் கதிருக்கு அது சரியாகத் தட்டுப்படாது. நியூட்ரானோ அணுக்கருவையே தொட்டுப் பார்க்கும். தூளை அடைப்பதற்குச் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத வனேடியம் குப்பி கொடுத்தார்கள். நியூட்ரான் சிதறலை வரையும் கோட்டில் வனேடியம் தனக்கென்று கூர்மையான சிகரங்கள் எதையும் காட்டாது. திரையில் எழும்புவதெல்லாம் நம் பொருளுடையதே. நள்ளிரவு தாண்டி முதல் சிகரம் தலைதூக்கியபோது, கையிலிருந்த காபி ஆறிப்போனது தெரியவில்லை.

அதே வளாகத்தின் பெரிய வளையம் புரோட்டான்களை 3,000 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. அவை கிராஃபைட்டில் மோதுவதன் விளைவாகப் பிறக்கும் நியூட்ரினோக்கள், 295 கிலோமீட்டர் மண்ணுக்குள்ளேயே பயணித்து, காமியோக்கா சுரங்கத்தில் இருக்கும் 50,000 டன் தண்ணீர்த் தொட்டியை அடைகின்றன. எதிலும் எளிதில் சிக்காத துகள் அது. கோடி கோடியாக அனுப்பினால்தான் ஏதோ சில அகப்படும். அங்கே செர்ன் அளவு ஆற்றல் தேவையில்லை, கூட்டம்தான் தேவை.

வேலை முடிந்ததும் குப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நினைத்தேன். கதிரியக்க அளவைப் பார்க்காமல் விட முடியாது என்று தடுத்துவிட்டார்கள். அது அங்கேயே இருந்தது. தரவுகளோடு நான் மட்டும் ஊர் திரும்பினேன்.