லுட்டீசியம் சிகிச்சை சிறுநீரகத்தைப் பாதிக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் புற்றுநோய்), கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. லுட்டீசியம் 177 டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்தை ஏற்றச் சொல்கிறார்கள். எலிகளில் இது சிறுநீரகத்தில் அதிகம் தங்கியதாகப் படித்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. பயமாக இருக்கிறது டாக்டர்.

பதில்: நீங்கள் படித்தது உண்மை. சுண்டெலியின் வால் சிரையில் மருந்தை ஏற்றி, 1, 4, 24, 72 மணி நேரம் என்று கெடு வைத்து, ஒவ்வொரு குழுவாக அறுத்து உறுப்புகளை எடுப்பார்கள். இரத்தத்தை ஒற்றி, எடைபோட்டு, கதிர்வீச்சை எண்ணும் காமா கவுண்டர் கருவியில் வைப்பார்கள். ஏற்றிய மருந்தில் எத்தனை சதவீதம் ஒரு கிராம் உறுப்பில் இருக்கிறது என்பதே நீங்கள் பார்த்த எண். வாலையும் தனியே எண்ணியாக வேண்டும். ஊசி சிரையை விட்டு விலகி மருந்து வாலிலேயே நின்றுவிட்டால், மற்ற உறுப்புகளின் கணக்கெல்லாம் குறைத்துக் காட்டும்.

20 கிராம் சுண்டெலியில் மருந்து உடல் முழுக்கச் சீராகப் பரவினாலே கிராமுக்கு 5 சதவீதம் வந்துவிடும். 60 கிலோ மனிதருக்கு அதுவே 0.0017 சதவீதம். எனவே எலியின் எண்ணை அம்மாவுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். எந்த உறுப்பு அதிகம் வாங்குகிறது, எவ்வளவு நேரம் விடாமல் வைத்திருக்கிறது என்று பார்க்கத்தான் அது உதவும்.

மருந்தில் கதிர் வீசும் உலோகம் லுட்டீசியம்; அதைக் கவ்விப் பிடிப்பது டோட்டா என்ற மூலக்கூறு. அந்தப் பிடி நழுவினால் லுட்டீசியம் எலும்புக்குப் போய்ச் சேரும். எலியின் தொடையெலும்பையும் எண்ணுவது இதற்காகத்தான்.

சிறுநீரகத்தின் கதை வேறு. மருந்து சிறிய பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி) என்பதால் எளிதில் வடிகட்டப்படுகிறது. ஆனால் சிறுநீரோடு முழுவதும் போய்விடுவதில்லை. வடிகட்டியை அடுத்த நுண்குழாயின் செல்கள் அதில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிவிடும். பெப்டைடு அங்கே சிதைந்தாலும், உலோகத்தைப் பிடித்த துண்டு வெளியேற முடியாமல் செல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். லுட்டீசியத்தின் அரை ஆயுள் 6.65 நாள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே அத்தனை நாள் ஆகும்; மாட்டிக்கொண்ட துண்டின் கதிர் அங்கேயே விழும்.

இந்த உறிஞ்சலைத் தடுக்கத்தான் அமினோ அமிலக் கரைசல். லைசின் 25 கிராம், ஆர்ஜினின் 25 கிராம் கலந்த டிரிப்ஸை மருந்துக்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கி, மொத்தம் 4 மணி நேரம் ஓட்டுவார்கள். சிறுநீரகம் வாங்கும் கதிர் ஏறக்குறைய பாதியாகும். மருந்தின் அளவு வழக்கமாக 7.4 ஜிகா பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), 8 வார இடைவெளியில் 4 முறை. ஒவ்வொரு முறைக்கு முன்பும் சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினினும் இரத்த அணுக்களும் பார்த்தாக வேண்டும்.

உங்கள் கவலையில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது சர்க்கரையைத்தான். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் பின்னாளில் சிறுநீரகத் திறன் வேகமாகக் குறையக்கூடும். இரண்டையும் இப்போதே சரிசெய்யுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். மருந்து ஏற்றிய பிறகு டாக்டர் சொல்லும் அளவு தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும்.

டிரிப்ஸ் ஓடும்போது குமட்டல் வரலாம், இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறலாம். வாந்தி வந்தால் பயந்துபோய் டிரிப்ஸை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். நர்ஸிடம் சொல்லுங்கள், வாந்திக்கு மருந்து தந்து பார்த்துக்கொள்வார்கள்.